பழைய படகுக்கு எத்தனை புதுப் பலகை?

சிவப்பு ஓக் மரத்தில் ஒரு சாண் துண்டை எடுத்து, ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி வரும். வெள்ளை ஓக்கில் வராது. அதன் நுண்குழாய்கள் தாமாகவே அடைபட்டிருக்கும். அதனால்தான் படகின் வங்குகளுக்கு, அதாவது படகின் முதுகெலும்பான ஏராவிலிருந்து இருபுறமும் விலா எலும்புபோல் வளைந்தெழும் சட்டங்களுக்கு, வெள்ளை ஓக்கைத் தேடி எடுக்கிறார்கள். ஒன்ராறியோவின் மஸ்கோக்கா ஏரிப் பக்கத்தில், மரப்படகுக் கழகமொன்றின் கொட்டகையில், ஒரு குளிர்காலச் சனிக்கிழமை இதைத் தெரிந்துகொண்டேன். "ஊதிப் பாருங்கள்" என்று துண்டை நீட்டியவருக்கு எழுபது வயது தாண்டியிருக்கும்.

பிறகு நீராவிப் பெட்டியைத் திறந்தார்கள். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மணி நேரம் அவிக்க வேண்டும் என்பது கணக்கு. வெளியே எடுத்த பின் கையில் இருப்பது சில விநாடிகள்தான். ஒருவர் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓட, மற்றவர் அதை முழங்காலால் அழுத்தி வளைக்க, மூன்றாமவர் கிளாம்பை இறுக்கினார். முதல் சட்டம் நடுவில் நார் நாராகப் பிளந்தது. யாரும் சலித்துக்கொள்ளவில்லை. அடுத்தது பெட்டியிலிருந்து வந்தது. இந்த வேலையைத் தனியாளாகச் செய்ய முடியாது, புத்தகத்தைப் பார்த்தும் செய்ய முடியாது. கழகம் என்ற ஏற்பாட்டின் முதல் பலம் இதுதான். கையிலிருந்து கைக்கு மட்டுமே போகக்கூடிய அறிவு, அங்கே இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

கண்ணாடியிழைப் படகுகள் வந்த பிறகு வட அமெரிக்காவின் மரப்படகுத் தொழில் சில பத்தாண்டுகளுக்குள் ஒடுங்கிப்போனது. மிச்சிகனின் அல்கோனாக்கில் வளர்ந்த கிறிஸ்-கிராஃப்ட், மஸ்கோக்காவின் டிட்ச்பர்ன், கிரேவெட் போன்ற பட்டறைகளின் படகுகள் கொட்டில்களில் உளுத்துக் கிடந்தன. அவற்றைக் காப்பாற்றியது அரசல்ல, அருங்காட்சியகமும் அல்ல. பெரும்பாலும் வார இறுதியில் வேலை செய்த ஆர்வலர்களே. 1975இல் நியூயோர்க் மாநிலத்தின் லேக் ஜோர்ஜில் தொடங்கிய பழம்படகுச் சங்கத்துக்கு இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் பல ஊர்க் கிளைகள் உண்டு. அவர்கள் இல்லையென்றால் போர்ட் கார்லிங்கில் பிறந்த 'மறையும் சுழலிப் படகு' வெறும் பழங்கதையாகியிருக்கும். பாறை நிறைந்த அந்த ஏரிகளுக்கென்றே உருவான படகு அது. அடியில் பாறை தட்டினால், தண்டில் உள்ள மூட்டு மடங்கி, சுழலி படகுக்குள் இருக்கும் பெட்டிக்குள் ஏறிக்கொள்ளும். ஓர் ஊரின் நிலத்தையும் நீரையும் இவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொண்டு செய்யப்பட்ட பொருளை நான் அதிகம் கண்டதில்லை.

ஆனால் காப்பாற்றுவது என்றால் என்ன? இங்கேதான் எனக்கு இந்த வழக்கத்தோடு பிணக்கு.

பழம்படகுச் சங்கத்தின் மதிப்பீட்டு விதிப்படி, மேல்தளத்திலும் பக்கங்களிலும் குறைந்தது 60 வீதம் மூல மரம் இருந்தால்தான் ஒரு படகு 'பேணப்பட்டது' என்ற வகைக்குள் வரும். குறைந்தால் 'மீளமைக்கப்பட்டது'. நல்ல பாகுபாடுதான். ஆனால் அடிப்பகுதி இந்தக் கணக்கில் இல்லை. பழைய கிறிஸ்-கிராஃப்டின் அடிப்பாகம் இரண்டு அடுக்குப் பலகையும், நடுவே பதப்படுத்திய கன்வஸ் துணியுமாக இருக்கும். வசந்தத்தில் தண்ணீரில் இறக்கினால் மரம் ஊறிப் பருத்து இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். இன்று பலர் அதை முழுவதுமாகப் பிரித்தெறிந்துவிட்டு, எபொக்சியும் பாலியூரிதேன் பசையும் வைத்துப் புது அடிப்பாகம் கட்டுகிறார்கள். ஊறவைக்கத் தேவையில்லை, ஒழுகாது, குடும்பத்தோடு பயமின்றிப் போகலாம். ஓட்டப்போகும் படகுக்கு அது நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பசை மரத்தைவிட உறுதியானது. ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் ஒரு பலகையை மட்டும் மாற்ற முனைந்தால், பசை விடாது, மரம்தான் கிழியும். முன்னோர் திருகாணியால் பூட்டியது, பின்னால் வருபவர் கழற்ற வேண்டும் என்பதற்காகவும்தான். அந்த மரியாதையை நாம் நம் பின்னால் வருபவருக்குத் தருவதில்லை.

அதைவிட எனக்கு வருத்தம் தருவது, கழற்றியதைப் பதிவு செய்யாமல் எரிப்பது. கிறிஸ்-கிராஃப்டின் படகுகளுக்குத் தொழிற்சாலை எழுதிய அட்டைகள் வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸில் உள்ள மரினர்ஸ் அருங்காட்சியகத்தில் பத்திரமாக உள்ளன. எந்த இயந்திரம் பூட்டப்பட்டது, யாருக்கு அனுப்பப்பட்டது என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். கழகத்தார் அவற்றைத் தேடி எடுத்து, இருக்கைத் துணியின் நிறம்வரை சரிபார்ப்பார்கள். அதே கை, அழுகிய மூலப் பலகையை ஒரு படம்கூட எடுக்காமல் அடுப்பில் போடுகிறது. அந்தப் பலகையில் பட்டறைக்காரர் பென்சிலால் போட்ட குறி இருந்திருக்கலாம். ஆணி எத்தனை அங்குலத்துக்கு ஒன்று இறங்கியது என்பது நிச்சயம் இருந்தது. சிறு பட்டறைகள் பலவற்றுக்கு இப்படியோர் அட்டை கிடையாது. அவற்றுக்கு அந்தப் பலகைதான் ஆவணம்.

பளபளப்பு ஆசை இதற்குத் துணைபோகிறது. தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்தபடி இருக்க வேண்டும் என்பதே விதி. ஆனால் கோடைக் கண்காட்சியில் கூட்டம் நிற்பது, பதினைந்து பூச்சு வார்னிஷில் முகம் பார்க்கக்கூடிய படகின் முன்னால். இயன்ற அளவு மூல மரத்தை விட்டுவைத்த படகு, கறையும் வடுவுமாக ஓரத்தில் நிற்கும். அந்தக் கண்ணாடிப் பூச்சுக்குச் சேதம் வந்துவிடும் என்று ட்ரெய்லரை விட்டு இறக்காத படகுகளும் உண்டு. மரப்படகுக்கு அதைவிடப் பெரிய தீங்கில்லை. காய்ந்தால் பலகை சுருங்கிப் பொருத்துகள் வாய்பிளக்கும்.

உடல்நலத்தில் காட்டும் அசட்டையையும் சொல்லாமல் விட முடியாது. பழைய படகுகளின் உட்புற அடியில் ஈயம் கலந்த சிவப்புப் பூச்சு இருக்கும். நான் போன அதே கொட்டகையில், இருவர் முகத்தில் வெறும் கைக்குட்டையோடு அதை உலர்தேய்ப்புத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தூசி எங்கள் தேநீர்க் கோப்பைவரை வந்தது. அனுபவசாலிகள் கற்றுத்தரும் இடத்தில், அவர்களின் கெட்ட பழக்கமும் சேர்ந்தே கற்பிக்கப்படுகிறது.

படகைக் காட்சிப்பொருளாக்காத வேறு வழியும் இருக்கிறது. சியாட்டிலின் யூனியன் ஏரிக்கரையில் மரப்படகு மையம் ஒன்று உண்டு. அங்கே பழைய படகுகளைப் பொதுமக்களே ஓட்டலாம். வார்னிஷில் கீறல் விழும், துடுப்பு உடையும், அதைச் சரிசெய்வதும் பாடமாகிறது. எனக்கு அந்த வழிதான் சரியென்று படுகிறது. சொந்தப் படகும் அதை நிறுத்தக் கொட்டிலும் இருப்பவர்களின் பொழுதுபோக்காகவே இது நின்றுவிட்டால், இன்றைய எழுபது வயதுக்காரர்களோடு நீராவிப் பெட்டியும் அணைந்துவிடும்.

கழகங்கள் செய்ய வேண்டியது பெரிய செலவல்ல. பிரிக்கும் ஒவ்வொரு பலகையையும் அளந்து, படமெடுத்து, ஒரு துண்டை எடுத்துவைப்பதைப் போட்டிக்கான நிபந்தனையாக்கலாம். பளபளப்புக்குத் தரும் கோப்பையைப் போலவே, குறைவாக மாற்றியவருக்கும் ஒரு கோப்பை தரலாம். வேலைநாளில் வாசலிலேயே முறையான சுவாச முகமூடி கொடுக்கலாம். ரொறன்ரோவிலிருந்து கோடைதோறும் மஸ்கோக்காவுக்குக் குடும்பத்தோடு போகும் நம்மவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சேர்வதற்குச் சொந்தப் படகு தேவையில்லை. அடுத்த குளிர்காலத்தில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை போங்கள். சட்டத்தைப் பிடிக்க அங்கே எப்போதும் ஓர் ஆள் குறைவாகவே இருக்கிறது.