கைக்கு அடங்கும் வில்

வேட்டைக்கென்று முதல் வில் வாங்கப் போகிறவருக்கு நான் சொல்வது ஒன்றுதான். இழுக்க முடிந்ததே என்று ஒரு வில்லை வாங்காதீர்கள். இழுத்த பிறகு நடுங்காமல் பிடித்திருக்க முடிகிற வில்லை வாங்குங்கள். அமெரிக்காவின் மிச்சிகன் போன்ற மாநிலங்களில் இலையுதிர் காலத்தில் வில்லோடு மான் வேட்டைக்குப் போகும் மரபு இன்றும் செழிப்பாக இருக்கிறது. அங்கே வில் கடைக்குள் நுழையும் புதியவரின் கண் பெரும்பாலும் 55, 60 பவுண்டு என்று எழுதிய வில்லின் மேல்தான் போகும். மானை வீழ்த்த வலிமை வேண்டும் என்ற நினைப்பு. அந்த நினைப்பே அவரைப் பல மாதங்கள் பின்னுக்கு இழுத்துவிடும்.

வேட்டை வில்லில் மூன்று குடும்பங்கள் உண்டு. முதலாவது லாங்போ: ஏறக்குறைய ஆள் உயரம், எளிய வளைவு, கையில் எடையே தெரியாத மென்மை. இரண்டாவது ரிகர்வ். இதன் நுனிகள் எதிர்ப்பக்கமாக வளைந்திருக்கும். நாண் பூட்டியிருக்கும்போது அந்த நுனிகளின் மேல் நாண் படிந்து கிடக்கும். இழுக்க இழுக்க நுனிகள் பிரிந்து நிமிரும். அதனால் இழுப்பின் தொடக்கத்திலேயே வில் நிறைய ஆற்றலைச் சேர்த்துக்கொள்கிறது, கடைசி அங்குலங்களில் முரண்டு பிடிப்பதில்லை. மூன்றாவது காம்பவுண்ட். மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969-இல் பெற்ற வடிவம் இது. நுனிகளில் சுழலும் உருளைகள் முழு இழுப்பில் சுமையைக் குறைத்துவிடும். 80 சதவீதம் குறைக்கும் 60 பவுண்டு வில்லை இழுத்துப் பிடித்திருக்க 12 பவுண்டு போதும். ஒரே பருவத்தில் காட்டுக்குப் போக வேண்டும் என்பவருக்கு காம்பவுண்ட் நேர்மையான தேர்வு. ஆனால் வில் வளைவதைத் தன் முதுகுத் தசைகளில் உணர்ந்து கற்க விரும்புகிறவருக்கு ரிகர்வுக்கு நிகரான ஆசான் இல்லை. என் மனம் அதன் பக்கம்தான்.

ரிகர்வை எடுத்துக் கைப்பிடிக்கு அருகில் பாருங்கள். இழுவிசையும் 28 அங்குலம் என்ற அளவும் எழுதியிருக்கும். 45 பவுண்டு என்றால், நாணை 28 அங்குலத் தூரத்துக்கு இழுக்கும்போதுதான் அந்த 45. ஓர் அங்குலம் கூடினாலோ குறைந்தாலோ இரண்டு மூன்று பவுண்டு மாறும். இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, நடுவிரல் நுனியிலிருந்து நுனிவரை அளந்து, இரண்டரையால் வகுத்தால் உங்கள் இழுப்பு நீளம் ஏறக்குறையக் கிடைக்கும். 65 அங்குலம் விரிகிற கைகளுக்கு 26 அங்குல இழுப்பு. அவர் கையில் அந்த 45 பவுண்டு வில் 40-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

வில்லின் நீளமும் இதோடு சேர்ந்தது. புதருக்குள் தவழ்ந்து போகவும் மரத்தின் மேல் கட்டிய பரணில் உட்கார்ந்து எய்யவும் குட்டை வில் வசதி. ஆனால் குட்டை வில்லை முழுதாக இழுக்கும்போது நாண் கூர்ங்கோணமாக மடிந்து விரல்களை நெருக்கும். நீண்ட வில் சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். 28 அங்குலம் இழுப்பவருக்கு 60 முதல் 62 அங்குல ரிகர்வ் இரண்டுக்கும் நடுவான நல்ல இடம்.

விசையைக் கடையிலேயே சோதித்துவிடலாம். நாற்காலியில் உட்கார்ந்து, பாதங்களைத் தரையிலிருந்து சற்றே தூக்கிக்கொண்டு, வில்லை இலக்கின் நேரில் நீட்டி இழுங்கள். வானத்தை நோக்கித் தூக்கி, உடம்பை முறுக்கினால்தான் நாண் வருகிறது என்றால் அந்த வில் உங்களுக்கு அதிகம். நாண் முகத்தைத் தொட்டதும் மனத்துக்குள் நிதானமாக ஐந்தாறு எண்ணுங்கள். நுனி ஆடத் தொடங்கினாலும் அதே பதில்தான். பிறகு நாணைப் பிடித்தபடியே மெல்லத் தளர்த்துங்கள். அம்பில்லாமல் ஒருபோதும் நாணை விடக் கூடாது. அம்பு கொண்டு போக வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லுக்கே திரும்பி அதைப் பிளந்துவிடும்.

பெரியவர்கள் பலருக்கு 30, 35 பவுண்டில் தொடங்குவது சரியாக இருக்கும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மான் வேட்டைக்குக் குறைந்தது 35 அல்லது 40 பவுண்டு வில் வேண்டும் என்று விதி இருப்பதால், ஒரே வில் பழகவும் வேட்டையாடவும் உதவாதே என்று தோன்றலாம். கழற்றி மாட்டும் வில்கள் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டன. கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகளை லிம்ப் என்பார்கள். கொரியாவின் சாமிக் நிறுவனம் வெளியிட்ட சேஜ் என்ற 62 அங்குல வில், தொடக்கக்காரர்கள் கைகளில் பெரும் புகழ் பெற்றது. அதே மரக் கைப்பிடிக்கு 25 பவுண்டிலிருந்து 60 வரை ஐந்தைந்தாக லிம்ப்கள் கிடைத்தன. முதலில் 30, தோள் பழகியதும் 45. பிடித்துப் பழகிய கைப்பிடி மாறுவதே இல்லை.

அழகு எங்கே என்று கேட்டால், வளைவின் சமத்தில் என்பேன். மேல் லிம்பும் கீழ் லிம்பும் தத்தம் நீளம் முழுதும் சுமையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஓரிடம் மட்டும் மடிந்து, ஓரிடம் விறைத்து நிற்கிற வில் அங்கேயே முறியும். ஒரே மரத்தில் வில் செய்யும் கைவினைஞர், தடியைச் சுவரில் பொருத்திக் கப்பியால் சிறிது சிறிதாக இழுத்துப் பார்த்து, விறைப்பான இடத்தில் மட்டும் சுரண்டி எடுக்கிறார். ஒருமுறை சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. ஓசேஜ் ஆரஞ்சு மரத்தில் வில் செய்யும்போது, இலக்கை நோக்கி நிற்கும் புறம் ஒரே ஆண்டு வளையத்தைக் கடைசி வரை அறுபடாமல் பின்பற்ற வேண்டும். யூ மரத்திலோ இயற்கையே இரண்டு பொருள்களைச் சேர்த்துத் தந்திருக்கிறது. வெளிறிய வெளிமரம் இழுவிசையைத் தாங்கும். செந்நிற உள்மரம் நெருக்கத்தைத் தாங்கும். இன்றைய கடை வில்லில் மேப்பிள் பட்டைகளின் இருபுறமும் ஒட்டிய கண்ணாடியிழை அந்த வேலையைச் செய்கிறது. இழுக்கும்போது ஒரு நண்பரைப் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். இரு வளைவும் ஒன்றுக்கொன்று இசைந்திருந்தால் எய்த பின் உள்ளங்கையில் உதைப்பு குறைவாக இருக்கும்.

இந்தக் கடை வில்லுக்கு ஒரு வம்சமும் உண்டு. 1911-இல் கலிஃபோர்னியாவின் ஓரவில் ஊருக்கு வந்து சேர்ந்த இஷி, யாஹி மக்களில் எஞ்சிய கடைசி மனிதர். சான்ஃபிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கியிருந்த அவரிடம் வில்வித்தை கற்றார் மருத்துவர் சாக்ஸ்டன் போப். இஷி 1916-இல் காசநோயால் இறந்தார். தான் கற்றதை 1923-இல் போப் நூலாக எழுதினார். போப்பின் வேட்டைத் தோழர் ஆர்தர் யங்கின் அலாஸ்கா வேட்டைப் படத்தை 1927-இல் டெட்ராய்டில் பார்த்துதான் ஃபிரெட் பேர் வில்லைக் கையில் எடுத்தார். 1933-இல் பேர் ஆர்ச்சரி நிறுவனத்தைத் தொடங்கினார். கண்ணாடியிழை ரிகர்வை ஆயிரக்கணக்கான எளிய வேட்டைக்காரர்களிடம் கொண்டு சேர்த்தவர் அவர்.

இஷியின் வில் 42 அங்குல ஜூனிபர் மரத்தில் விலங்கின் தசைநாரை ஒட்டிச் செய்தது. பெருவிசை கொண்டதல்ல. அவருடைய பலம் மிருகத்தை நெருங்குவதில் இருந்தது. வேட்டைக்கு முன் மீன் உண்ண மாட்டார், ஓடையில் குளிப்பார். விரல்களில் உதட்டைப் பதித்து உறிஞ்சி, முயலின் கீச்சொலியை எழுப்பி மிருகங்களை அருகே வரவழைப்பார். வேலை முடிந்ததும் நாணை இறக்கி வில்லைப் படுக்க வைப்பார். நிறுத்தி வைத்தால் அது உழைத்துக்கொண்டே இருந்து பலவீனமாகிவிடும் என்பது அவர் நம்பிக்கை. இன்றும் ரிகர்வ் வேட்டைக்காரர்களில் பலர் 20 கஜத்துக்கு அப்பால் எய்வதில்லை. வேட்டை அம்பின் அகன்ற கூர்முனை இரத்தக் குழாய்களை அறுத்துத்தான் கொல்கிறது. தைக்க வேண்டிய இடத்தில் தைக்காவிட்டால் மான் நெடுநேரம் வதைபடும். கனமான வில்லைத் தேர்ந்து குறி தவறுகிறவரைவிட, 40 பவுண்டில் குறி தவறாதவர் அந்த உயிருக்கு மரியாதை செய்கிறார்.

வில்லுக்கு இணையாக அம்பையும் பொருத்த வேண்டும். நாணை விட்ட கணத்தில் அம்பு வளைந்து, கைப்பிடியைச் சுற்றி நீரில் மீன் நெளிவதுபோல் நெளிந்துதான் இலக்கை நோக்கி நேராகிறது. மிக விறைப்பான அம்பும் மிகத் துவளும் அம்பும் ஆளுக்கொரு பக்கம் விலகும். 45 பவுண்டு வில்லுக்கு 450 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 29 கிராம் அம்பு நன்றாகப் பொருந்தும். அம்பு கனமானால் வில்லின் ஓசை குறையும், ஊடுருவல் கூடும்.

பழைய வில்லை வாங்கத் தயங்க வேண்டாம். நாணை ஏற்றி நுனியிலிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். நாண் லிம்பின் நடுவில் ஓட வேண்டும். பஞ்சை லிம்பின் மேல் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பில் அது மாட்டிக்கொள்ளும். பழைய நுனிகளுக்கு டாக்ரான் நாண்தான். நீளாத புதுவகை நாண்கள் அவற்றை உடைத்துவிடும்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி வனவிலங்கு வேட்டை குற்றம். நம்மூரில் இந்த வில்லின் அருமையை இலக்குப் பலகையின் முன் நின்று அறிய வேண்டியதுதான். அங்கேயும் அதே வில், அதே ஒழுங்கு. எங்கே எய்தாலும் தேர்வு ஒன்றே. நூறு அம்பு எய்த பிறகும் நூற்றோராவது அம்பை நிதானமாக எய்ய விடுகிற வில்லை வாங்குங்கள். கனமான லிம்ப்கள் கடையில் எப்போதும் கிடைக்கும். கெட்டுப்போன பழக்கத்தைத் திருத்துவதுதான் கடினம்.