தோற்கிற அணியை ரசிப்பது எப்படி

சேலம், நாமக்கல் பக்கம் புதிதாகக் கபடி அணி சேர்த்த கல்லூரிக்கு, ஒரு சீசன் என்பது சில வருஷம் வெறும் நாற்பது நிமிஷம்தான். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி பெரும்பாலும் நாக்-அவுட். காலையில் தோற்றால் மதியமே ராசிபுரம் பஸ் ஏறிவிடலாம். அந்த நாற்பது நிமிஷத்தை எப்படிப் பார்ப்பது?

முதலில் இடம். கூட்டம் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில்தான் நெருக்கும், ரெய்டர் தெரிவார் என்று. நீங்கள் புதிய அணியின் பின்கோட்டுக்குப் பின்னால், மூலை ஓரமாக நில்லுங்கள். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது நீங்களும் மாறிக்கொள்ளுங்கள்.

ஏன் அங்கே? ரெய்டு தனியாள் வேலை. பள்ளியிலேயே நன்றாக ஆடிய ஒரு பையன் எந்த அணியிலும் நாலைந்து புள்ளி எடுத்துவிடுவான். ஏழு பேரும் ஓர் அணியாகிவிட்டார்களா என்பது பிடியில்தான் தெரியும். மூலையில் நிற்கும் கார்னர் பையன் குனிந்து ரெய்டரின் கணுக்காலைப் பிடிக்கிறான், சுற்றிலும் “விட்றாத, விட்றாத!” என்று கத்துகிறார்கள். அந்த அரை விநாடியில் பக்கத்தில் இருக்கும் கவர் ஆட்டக்காரனைக் கவனியுங்கள். பழகிய அணியில் அவன் ஏற்கெனவே ரெய்டரின் இடுப்பில் விழுந்திருப்பான். புது அணியில் நின்று வேடிக்கை பார்ப்பான். ரெய்டர் காலை உதறி, கார்னரையும் மண்ணில் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டுவிடுவார். பழி கார்னர் மேல் விழும். எனக்கென்னவோ தப்பு கவரிடம்தான்.

களத்தில் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ மிஞ்சும்போது கூட்டம் கலைய ஆரம்பிக்கும். போகாதீர்கள். அப்போது ரெய்டரைப் பிடித்தால் ஒரு புள்ளி கூடுதல். அதுதான் சூப்பர் டேக்கிள். எல்லோரும் அவுட்டானால் எதிரணிக்கு இரண்டு புள்ளி கூடுதல். பலவீனமான அணி அடிக்கடி இந்த நிலைக்கு வருவதால், பெரிய அணிகள் அபூர்வமாகக் காட்டும் ஆட்டத்தை இங்கே நிறையப் பார்க்கலாம். ரெய்டருக்கு முப்பது விநாடிதான். மூன்று பேரும் அவசரப்படாமல் அவரை உள்ளே இழுக்கிறார்களா, இல்லை ஒருவன் பொறுமை இழந்து முந்திப் பாய்கிறானா? புதுப் பையன்கள் பாய்ந்துவிடுவார்கள், அநேகமாக இருபதாவது விநாடிக்குள்.

நல்ல ரெய்டர் இருந்தும் தோற்பது தொழில்முறை அணிக்கும் நேர்ந்ததுதான். 2017இல் புரோ கபடிக்கு வந்த தமிழ் தலைவாஸ், அஜய் தாக்கூர் மாதிரி ஒரு ரெய்டரை வைத்துக்கொண்டும் முதல் மூன்று சீசன்களில் அடிமட்டத்திலேயே கிடந்தது. அரையிறுதியைப் பார்த்தது 2022இல்தான். அந்த சீசன்களில் இவர்களுக்கு இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டம் கிடைத்தது. நம் கல்லூரிப் பையன்களுக்கு அந்த வசதி ஏது?

ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் எழுதுபவரிடம் தாளை ஒரு நிமிஷம் கேட்டுப் பாருங்கள். மொத்தப் புள்ளியை விடுங்கள். பிடியில் வந்தது எத்தனை, அதில் இரண்டாம் பாதியில் எத்தனை என்று எண்ணுங்கள். 38–19 என்று தோற்ற அணி அந்தப் பாதியில் ஐந்தாறு பிடி பிடித்திருந்தால், அடுத்த வருஷம் யாருடன் மோதுகிறது என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.