மலைபடுகடாம் காட்டும் வழி

பத்துப்பாட்டினுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகளாய் அமைந்துள்ளன. அவற்றுள் இறுதியில் நிற்பது மலைபடுகடாம். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், செங்கண்மாத்துவேள் நன்னன்சேய் நன்னனைப் பாடிய 583 அடிகளையுடைய இப்பாட்டுக்குக் கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் உண்டு. உ. வே. சாமிநாதையரவர்கள் 1889ஆம் ஆண்டில் பத்துப்பாட்டினை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த நாள் தொட்டு இது கற்றோர் கையில் இருந்து வருகின்றது. எனினும், முல்லைப்பாட்டும் நெடுநல்வாடையும் பெற்ற அன்பினை இது பெற்றதில்லை. ஓசைகளின் அடுக்கு, இடர்களின் பட்டியல், ஈற்றில் ஒரு கொடைப்புகழ் என இதனை ஒதுக்குவாருளர். மாணவரும் தேர்வுக்கு வேண்டுமளவு கற்று அமைகின்றனர். இம்மதிப்பீடு தகுமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது ஒரு மாணவன் வினா. தெதுறு ஓயா கடலொடு கலக்கும் நம் சிலாபம் நெய்தல் நிலம். தென்னந்தோப்பும் களப்பும் முன்னேசுவரத்துக் கோபுரமும் கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு மலை என்பது பெரும்பாலும் படத்திற் காணும் பொருளே. அத்தகைய வகுப்பொன்றில் இப்பாட்டை விளக்கியபோது, "ஐயா, இவர் பரிசில் பெற்றுவிட்டார். இனி வீடு போய்ச் சேரலாமே. வழியில் நின்று மற்றவருக்கு இவ்வளவும் ஏன் சொல்லவேண்டும்?" என்று ஒருவன் கேட்டான். வகுப்பு நகைத்தது. ஆயினும் ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் உயிர்நிலையையே அவன் தொட்டுவிட்டான் என்பது எனக்குப் பின்னரே புலப்பட்டது.

யான் வெளிவாரி மாணவனாய்ப் பட்டத்தேர்வுக்குப் படித்த காலத்தில், மலையும் கானும் பாடும் கலையை உலகுக்குத் தந்தவர் ஆங்கிலேயரே என்னும் எண்ணம் என்னுள்ளும் இருந்தது. அதற்கு வேர்ட்ஸ்வொர்த் காரணர். அவர் தம் ஏரிநாட்டுக்கு வழிகாட்டும் உரைநடை நூலொன்றும் எழுதினார். 1810இல் வேறொருவரின் ஓவியத் தொகுப்புக்கு முன்னுரையாய், ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த அது, 1835இல் ஐந்தாம் பதிப்பாய் நிறைவுற்றது. மலையின் அமைப்பு, ஒளியின் மாறுதல், குடிகளின் வீடுகள் நிலத்தோடு இயைந்த தன்மை ஆகியவற்றை அந்நூல் நுணுகி உரைக்கின்றது. வெண்சுண்ணம் பூசிய வீடுகள் மலைக்காட்சியைக் குலைக்கும் என்றும், அயல்மரங்களை அணியணியாய் நடுதல் தீது என்றும் அவர் இடித்துரைப்பர். கண்ணுக்குக் கல்வி தரும் நூல் அது.

மலைபடுகடாமோ காலுக்கும் செவிக்கும் கல்வி தருகின்றது. நவிரமலை சூழ்ந்த நாட்டின் ஊடே செல்லும் வழியைக் கூறுகின்றது அது. செங்கத்தை அடுத்த பர்வதமலையே நவிரமென்பர். பாட்டில் வரும் சேயாறு இன்றைய செய்யாறாகும். யாழும் முழவும் ஆகுளியும் தூம்பும் சுமந்து, பெண்டிரும் சிறுவரும் உடன்வர, பசியோடு செல்லும் கூத்தருக்கு அவ்வழி கூறப்படுகின்றது. காட்சி காணச் செல்வாரல்லர் அவர். எனவே பாட்டில் வரும் ஒவ்வொரு செய்தியும் நடப்பவன் உயிரோடு தொடர்புடையதாகின்றது. பன்றியை வீழ்த்தக் கல்லாலான பொறிகள் வைக்கப்பட்டிருக்கும். ஆதலின் இருள் புலர்ந்தபின் செல்லுங்கள். பாம்பு உறையும் இடம் வந்தால் விறலியர் கைதொழுது வாழ்த்த, நெறியினின்று சற்றே விலகி வலப்பக்கமாகப் போங்கள். தினைப்புனங் காப்போர் யானையை வெருட்டக் கவண்கல் எறிவர். அது கூற்றுவனை ஒத்தது. மரங்களில் மறைந்து செல்லுங்கள். இவ்வாறு செல்கின்றது அறிவுரை.

இவற்றுள் ஓரிடம் என் நெஞ்சை விட்டு அகலாதது. முதலை வாழும் ஆழ்ந்த மடுவின் கரையோரம் வழி செல்கின்றது. அவ்விடத்தே, கொடிகள் சுற்றிய பற்றுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு, சிறுவரோடு ஒருவரை ஒருவர் பேணிக் கடந்து செல்லுங்கள் என்கின்றார் புலவர். அச்சிறுவரின் தலைமயிர் ஆட்டின் மயிரை ஒத்ததாய்க் கிடக்கின்றது. ஓர் உவமையால் பன்னாட் பட்டினியும் எண்ணெய் காணாத் தலையும் நம் கண்முன் நிற்கின்றன. அடுத்துப் பாசி படர்ந்து வழுக்கும் இடம் வருகின்றது. அங்கு நிற்கும் எருவைக் கோல்களைப் பற்றி நடக்கச் சொல்கின்றார். இதனைப் பட்டியல் என்பார், அவ்வழுக்கலில் ஒருநாளும் கால் வைத்தறியாதவராவர்.

மலையில் வாழ்வாரைப் பற்றிய நோக்கு இன்னும் சிறந்தது. இரவு வந்தால் கல்முழையுள் சொந்த வீடு புகுந்தாற்போலத் தங்கலாம் என்கின்றார். வழி தவறினால் அஞ்சவேண்டா. அகன்ற பாறையில் அமர்ந்து இசைக்கருவிகளை இயக்குங்கள். வெள்ளத்தில் அகப்பட்டாரைக் காக்க ஓடுவார்போல் கானவர் விரைந்து வருவர். கனியும் பூவும் தந்து வழியும் காட்டுவர் என்கின்றார். நன்னன்பால் செல்லும் கூத்தர் என அறிந்த அளவிலே சிறுகுடியினர் உறவினரைப்போல் உணவளிப்பர். ஆங்கே மலை அயலான் இடமன்று, விருந்தோம்புவார் இல்லம்.

இனி, அடுக்கு எனப் பழிக்கப்பட்ட ஓசைப் பகுதியை நோக்குவோம். மலையை ஓர் யானையாகவும், அதன்கண் எழும் ஓசைகளை அவ்யானையின் மதமாகவும் உருவகித்ததனாலன்றோ பாட்டு இப்பெயர் பெற்றது. அருவி முழங்குகின்றது; மகளிர் வள்ளைப்பாட்டோடு தினை குற்றுகின்றனர்; கரும்பாலை ஒலிக்கின்றது. இவற்றினிடையே வேறு ஓசைகளும் கேட்கின்றன. முள்ளம்பன்றியால் தாக்குண்ட கானவர் அழுகின்றனர். புலி பாய்ந்து கணவர் மார்பிற் செய்த புண் ஆறும்பொருட்டுக் கொடிச்சியர் காப்பாகப் பாடுகின்றனர். பிடிநழுவிப் பாறைப் பிளவுள் வீழ்ந்த குட்டிக்காக மந்தி கதறுகின்றது. மலையின் இன்பவோசையை மட்டும் தெரிந்தெடுக்காமல், அதன் துன்பவோசையையும் உடன்வைத்துச் செவிமடுத்தமையே பெருங்கௌசிகனாரின் பெருமை. இவ்வடுக்கிலிருந்து ஓர் ஓசையை நீக்கினாலும் மலையின் உண்மை குறைந்துவிடும்.

குறையும் கூறுதல் நடுநிலையாகும். நன்னன் அரண்மனை வாயிலை அடைந்தபின் பாட்டு வழக்கமான கொடைப்புகழுக்குள் புகுந்துவிடுகின்றது. மலையில் நாம் கேட்ட குரல்களின் தனித்தன்மை அங்கு இல்லை. வழி முழுவதும் வியத்தகு விருந்தோம்பலாய் இருத்தலும் தலைவன் புகழை நோக்கிய மிகையாகலாம். ஆயினும் புலவர் உள்ளம் முடிவிடத்தைவிட வழியிலேயே மிகுதியும் தங்கியது என்பதற்கு இக்குறையே சான்றாகின்றது.

ஏரிநாட்டுக் கவிஞரோடு ஒப்பிடுமிடத்து ஒரு வேறுபாடு புலனாகும். அவரும் மலைக்குடிகளை மதித்தவரே. தம் நாட்டின் எழிலை மக்கட் பொதுச்சொத்தெனக் கருதியவரே. ஆயின் 1844இல் வின்டர்மியருக்குப் புகையிரதம் வரவிருந்தபோது அதனை எதிர்த்து எழுதினார். பயிற்சியற்ற தொழிலாளர் திரளாய் வந்திறங்கினால் மலையழகைத் துய்க்கமாட்டார் என்பது அவர் வாதங்களுள் ஒன்று. மலையைக் காக்கும் கருத்துப் போற்றத்தக்கது. வறியவனுக்குக் கதவடைக்கும் கருத்து அத்தகையதன்று. அவர் நாட்டாரே பின்னர் அதனைத் திருத்தினர். 1932 ஏப்ரல் 24இல் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாள இளைஞர் தடையை மீறிக் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் ஏறினர். ஐவர் சிறை சென்றனர். 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புற வழிகளுக்குமான சட்டம் பிறந்தது. 268 மைல் நீளமான பெனைன் நடைவழி 1965இல் திறக்கப்பட்டது. வறிய கூத்தனை மலைக்கு அழைத்த பெருங்கௌசிகனார் இதனைக் கேட்பின் வியந்திரார்.

நம் நாட்டிலும் மலைவழிகள் உள. கண்டியை அடுத்த ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை, தோட்டப்பாதைகளை இணைத்து ஏறத்தாழ 300 கிலோமீற்றர் நீளத்தில், 22 பகுதிகளாக ஒரு நடைவழி அண்மைக்காலத்தில் அமைக்கப்பட்டுள்ளது. பீக்கோ ட்ரெயில் என்பது அதன் பெயர். அப்பாதைகளிற் கூடை சுமந்து நடந்தோர் யாவர்? கோப்பிப் பயிர்க் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடே மாத்தளை வரை நடந்து, வழியில் நோயாலும் பசியாலும் பலரை இழந்த மக்களின் வழித்தோன்றல்கள் அல்லரோ? அந்நடையை நினைந்தே 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனி நிகழ்ந்தது. அம்மலைகளுக்கு வழிகாட்டி எழுதுவோர் தேயிலையின் பசுமையோடு அங்கு எழும் எல்லா ஓசைகளையும் எழுதுவாராக. அதற்கு மலைபடுகடாமினும் சிறந்த முன்மாதிரி இல்லை.

மாணவன் வினாவுக்கு விடை பாட்டினுள்ளேயே உளது. காட்டில் வழிகள் பிரியும் கவலைகளை அடையும்போது, முன் அறியாத நிலத்திற்குப் புதியவராகிய நீங்கள் சரியான வழியைக் கண்டபின், அச்சந்தியைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்கின்றார் புலவர். வழி கேட்டுச் செல்பவனே வழிகாட்டியும் ஆகின்றான். பின்வருவான் யாவன் என அவனுக்குத் தெரியாது, தெரியவேண்டுவதுமில்லை. பரிசில் பெற்றவன் நின்று வழி சொல்லுவதற்குக் காரணம், அவனும் முன்பு யாரோ முடிந்துவைத்த புல்லைக் கண்டு நடந்தவன் என்பதே.

இதனை அடுத்த பாடவேளையிற் கூறினேன். கூறும்போது நம் ஊரையும் எண்ணினேன். சிலாபம் முதல் நீர்கொழும்பு வரையுள்ள இக்கரையில், பாட்டன் தமிழ் பேசிய பல குடும்பங்களிலே பேரன் தமிழ் அறியான். உடப்பு முதலிய சில ஊர்களிலும் சில பள்ளிகளிலும் மொழி நிலைபெற்றிருக்கின்றது. யாம் கற்பிக்கும் இவ்வகுப்புக்களும் ஒருவகைக் கவலைகளே. இங்கு யார் எவ்வழி செல்வார் என நாம் ஆணையிட இயலாது. ஆயினும் புல்லை முடிந்துவைத்தல் நம் கடன். நம் மாணவர் மலைபடுகடாத்தைத் தேர்வுக்காக மட்டுமன்றி, தாமும் ஒரு முடிச்சு இடுவதற்காகக் கற்பாராக.