இரண்டு வினாடிச் சத்தமும் ஓர் இரும்புக் கம்பியும்

மருத்துவர் கழுத்தில் போடுகிற அதே சாமான்தான். நெஞ்சில் வைக்கும் வட்டத் தகட்டுக்குப் பதிலாக ஒரு சாண் நீளத்துக்கு இரும்புக் கம்பி. மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் என்று விற்கிறார்கள். ஒருமுறை ஒயில் மாற்றும் காசில் பாதிகூட வராது. பேட்டரி இல்லை, ஆப் இல்லை, புளூடூத் இல்லை. எப்படிப் பாவிப்பது என்று சொல்லும் துண்டுக் காகிதம்கூடப் பெட்டிக்குள் இல்லை.

இதை வாங்க வைத்தது காலைச் சத்தம். என்னிடம் இருப்பது யப்பானில் செய்த மூன்று சிலிண்டர்ச் சின்னக் கார். இரவு முழுக்க நின்றபின் ஸ்டார்ட் செய்தால் முதல் இரண்டு வினாடிக்குக் ‘கறகற’வென்று உலோகம் அடிபடும். மூன்றாவது வினாடியில் எஞ்சின் எதுவும் நடக்காத மாதிரி ஓடும். கராஜுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் சூடாகிவிடும், அங்கே எத்தனை தரம் சாவியைத் திருப்பினாலும் வாய் திறக்காது. இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்குத் திரும்பத் திறக்க 2025 பெப்ரவரி ஆனது. திறந்தபின்னும் விலையைக் கேட்டவர்கள் பழைய காரைத்தான் தடவிக் கொடுக்கிறார்கள். அந்தக் காரின் எஞ்சினுக்குள் என்னவோ அடிபடுகிறது என்றால் நித்திரை வராது.

மட்டக்களப்பில் ஏது குளிர் என்று கேட்கலாம். மார்கழி மழையிலும் இரவு 23, 24 பாகையை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் ஓடிச் சூடான எஞ்சின் 90 பாகைக்குக் கிட்ட நிற்கும். அதன் கணக்கில் நம்முடைய விடியலும் குளிர்தான். தவிர, இரவு முழுக்க நின்றதில் ஒயில் வடிந்து அடியிலுள்ள சம்புக்குள் இறங்கியிருக்கும். காலையில் பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றும்வரை உள்ளே இருப்பவை வெறும் படலத்தில் ஓடுகின்றன.

முதலில், எஞ்சின் கணினியின் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி டொங்கிளைச் செருகிப் பார்த்தேன். ஒரு குறியீடும் இல்லை. கேம்ஷாஃப்டையும் கிராங்க்ஷாஃப்டையும் இணைக்கும் டைமிங் செயின் நன்றாகத் தளர்ந்து, அவை ஒன்றுக்கொன்று பிந்தினால்தான் பி0016 போன்ற குறியீடு விழும். அதற்கு முந்திய நிலையில் சத்தம் மட்டும்தான் சாட்சி. போனில் பதிந்து கராஜ்காரருக்கு அனுப்பினால், போன் அதைத் தட்டையாக்கி மிக்ஸி ஓடுகிற மாதிரிக் கொடுத்தது.

மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனைக் கேட்கப் போனவர்களுக்கு இந்தக் கம்பியை விளக்கத் தேவையில்லை. துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் விட்டு, மறுமுனையைக் காதில் வைப்பார்கள். 1848இல் இங்கே வந்த குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட், தோணியின் பலகையில் காதை வைத்தபோது அந்தச் சத்தம் பெருகிக் கேட்டதாக எழுதிவைத்திருக்கிறார். தண்ணீரிலிருந்து காற்றுக்கு ஏறும்போது சத்தத்தின் பெரும்பகுதி மேற்பரப்பிலேயே திரும்பிப் போய்விடும், மரத்தின் வழியே வந்தால் நேரே காதுக்கு வரும். பொனட்டுக்குள்ளும் அதே கதை. வெளியே நின்று கேட்டால் சத்தம் எங்கும் பட்டுத் தெறித்து, இடதா வலதா என்றே தெரியாது. கம்பியை உலோகத்தில் தொட்டால் அந்த இடம் மட்டும் பேசும். பழைய மெக்கானிக்மார் நீளமான ஸ்குரூ ட்ரைவரின் பிடியைக் காதில் அழுத்திக் கேட்டதும் இதைத்தான்.

ஆனால் முதல் தரம் கேட்பவர் பயந்துபோவார். இன்ஜெக்டர் தட்டும், ஆல்டர்னேட்டர் பெயரிங் இரையும், வால்வுகள் தையல் மெஷின் ஓட்டும். சுகமான எஞ்சினும் இதில் சாகக் கிடப்பதுபோல்தான் கேட்கும். சத்தமில்லாத ஒரு காரை இரவல் கேட்டு வாங்கி, அதில் காதைப் பழக்கிவிட்டுத்தான் சொந்தக் காருக்கு வரவேண்டும்.

இனி என் பெரிய கோபம். அது கருவிமேல் இல்லை, சத்தத்தின்மேல். இரண்டு வினாடி, அதுவும் நாளுக்கு ஒரு தரம். கம்பியை நான் பிடிக்க, சாவியைத் திருப்ப வீட்டில் ஒருவரை எழுப்பவேண்டும். ஒரு காலைக்கு ஓர் இடம்தான். இன்றைக்கு வால்வுக் கவர், நாளைக்குச் செயின் கவரின் அடிப்பக்கம், மறுநாள் சைலன்சர் தொடங்கும் இடத்தில் இருக்கும் வெப்பத் தகடு. கம்பி வழுக்கினால் அன்றைய நாள் போச்சு. வெப்பத் தகட்டை ஒதுக்கக் கம்பிகூடத் தேவையில்லை, எஞ்சின் குளிர்ந்திருக்கையில் கையால் தட்டினாலே ஆடுவது தெரியும். வாவிக்கும் கடலுக்கும் இடையில் நிற்கும் காரில் உப்புக் காற்று அதன் போல்டுகளைத்தான் முதலில் தின்னும். ஆனால் அது கழன்றிருந்தால் சத்தம் இரண்டு வினாடியில் அடங்காது.

சத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. சில வினாடியில் நின்றால் ஒயில் ஏறத் தாமதம். சில நிமிடம் நீடித்து, சூடேறியபின் மெல்ல மறைந்தால் பிஸ்டன் தளர்வோ சைலன்சர் இணைப்பில் கசிவோ இருக்கலாம், உலோகம் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. என் காரில் செயின் கவரின்மேல் கம்பி வைத்த காலையில் அந்தக் ‘கறகற’ காதுக்குள்ளேயே வந்து அடித்தது. வாகன் ஆர், விட்ஸ் போன்ற கார்களில் இருப்பது டைமிங் செயின். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஒயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது, அழுத்தம் வரும்வரை செயின் தளர்ந்து அடிக்கும். ஆல்டோ 800 வைத்திருப்பவர்கள் இந்தப் பயத்தை விட்டுவிடலாம், அதில் இருப்பது பெல்ட்.

இதைக் கராஜில் சொன்னபோது வந்த பதில் எதிர்பார்த்ததுதான். “ஒயிலக் கொஞ்சம் தடிப்பா ஊத்துங்க தம்பி, சத்தம் போயிரும். செயின மறுகா பாப்பம்.” இந்தத் தடிப்பு ஒயில் வைத்தியம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. 30 என்று போட்ட ஒயிலின் தடிப்பு 100 பாகையில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ், 50 என்றால் 16.3 முதல் 21.9. சூட்டிலேயே இவ்வளவு வித்தியாசம். காலைக் குளிரில் இடைவெளி இன்னும் பெருகும். தேய்ந்த எஞ்சினில் தடித்த ஒயில் சூட்டுச் சத்தத்தை மூடிவைக்கலாம். ஆனால் என் வியாதியே ஒயில் மேலே ஏறப் பிந்துவது, அதற்கு மெல்ல ஏறும் ஒயிலா மருந்து?

இன்னொரு பரிசோதனை சந்தேகத்தைத் தீர்த்தது. பெற்றோல் இன்ஜெக்ஷன் கார்கள் பலவற்றில் அக்ஸிலேட்டரைக் கடைசிவரை மிதித்தபடி சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றும், பெற்றோல் போகாது. அப்படிச் சில வினாடி சுற்றவிட்டு ஒயிலை மேலே ஏற்றிவிட்டு, காலை எடுத்து ஸ்டார்ட் செய்தேன். சத்தமே இல்லை. ஆக, பிரச்சினை ஒயில் வந்து சேரும் வழியில்.

இரவு நின்ற காரின் ஒயில் பில்டரைக் காலையில் ஸ்டார்ட் செய்யாமலே கழற்றினோம். பக்கவாட்டில் படுத்திருக்கும் பில்டர் அது. உள்ளே ஒரு ரப்பர் மடல் இருக்கும், எஞ்சின் நின்றதும் ஒயில் திரும்பி வடியாமல் பிடிப்பது அதன் வேலை. கையில் வந்த பில்டர் பாதிக்கு மேல் காலி, மடல் காய்ந்து விறைத்திருந்தது. சிலிக்கோன் மடல் உள்ள பில்டரும், கையேட்டில் சொன்ன 5டபிள்யூ-30 ஒயிலும் போட்டபின் காலைகள் அமைதி. இத்தனைக்கும் பின்னர் சத்தம் மிஞ்சியிருந்தால்தான் டென்ஷனர், செயின், வால்வு நேரம் மாற்றும் கியர் என்று முன்பக்கக் கவரைக் கழற்றும் செலவுக்குப் போகவேண்டும். அந்தச் செலவைக் கேட்டவர்களுக்கு இந்தக் கம்பியின் விலை ஒரு விலையாகவே படாது.

குறைகளும் உண்டு. காதில் செருகும் முனை கெட்டிப் பிளாஸ்டிக், கொஞ்ச நேரத்தில் காது வலிக்கிறது. ரப்பர்க் குழாய் வேண்டாத நீளம், சுற்றும் பெல்ட்டில் அது மாட்டினால் தலையையும் சேர்த்து இழுக்கும், அதனால் குழாயைக் கையில் சுருட்டிப் பிடித்தபின்தான் குனியவேண்டும். எல்லாவற்றிலும் மோசம், கம்பி திருகும் மரை தளர்ந்து அதுவே தனியாக ஒரு ‘கறகற’ போடுகிறது. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள், அடங்கும்.