நீர்க்கோட்டுக்குக் கீழே

இழுவைப் படகைத் தண்ணீரில் பார்த்தவர்கள் பாதிதான் பார்த்திருக்கிறார்கள். குட்டையான உடல், மேலே சுக்கான் அறை, புகைபோக்கி, அவ்வளவே. பராமரிப்புக்காக மேலே தூக்கும்போதுதான் மீதியும் தெரிகிறது. லாடம் கட்டப் படுக்கவைத்த வண்டிமாடு போல, உழைத்த இடமெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

எனக்குப் பிரியமானது சியாட்டில் யூனியன் ஏரியிலுள்ள ஆர்தர் ஃபாஸ். 1889-இல் போர்ட்லண்டில் 'வல்லோவா' என்ற பெயரில் கட்டிய மரப்படகு. கொலம்பியா ஆற்று முகத்துவாரத்தின் மூர்க்கமான அலைகளில் பாய்க்கப்பல்களை இழுத்தது. 1933-இல் 'டக்போட் ஆனி' படத்திலும் நடித்தது.

இத்தகைய மரப்படகுகளின் பின்புறத்தைக் கீழே நின்று பார்க்க வேண்டும். மேலே அவ்வளவு பருமனாக இருந்த உடல், பலகை பலகையாக முறுக்கிக்கொண்டு உள்வாங்கி, அடிமரமான ஏராவருகே மெலிந்துவிடுகிறது. நீராவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் வளைத்துப் பொருத்தும் பலகைகள்! அந்த நெளிவு அலங்காரத்துக்கு வந்ததல்ல. சுழலிக்குத் தண்ணீர் தடையின்றி வந்துசேர வேண்டும். ஆர்தர் ஃபாஸுக்கு 1934-இல் பொருத்திய டீசல் எஞ்சினின் 700 குதிரைத்திறனும் வெளியேறும் வழி அந்தச் சுழலிதான். நடுவே கியர் கிடையாது. பின்னால் போக வேண்டுமென்றால் எஞ்சினையே நிறுத்தி, எதிர்த்திசையில் மறுபடி கிளப்ப வேண்டும்.

எல்லாவற்றையும்விட என்னைக் கட்டிப்போடுவது கலப்பத்து வேலை. இரண்டு பலகைகளுக்கிடையே விரல் நுழையாத சந்து. அதில் தார் தோய்ந்த நார்த்திரியை வைத்து, தட்டை உளியும் மரச் சுத்தியலுமாக அடித்து இறக்குகிறார்கள். திரி தளர்வாக இருந்தால் சத்தம் மந்தமாக வரும். இறுகிவிட்டால் கணீரென்று கேட்கும். தேர்ந்த கைக்காரர் காதால்தான் வேலை செய்கிறார். திரி இறுகிய பிறகு அதன்மேல் பூச்சு.

கடலில் மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு ஏரியின் நன்னீரில் பிழைக்காது. அங்கே பகை மேலிருந்து வருகிறது: தளத்தின் வழியே கசியும் மழைநீர், மரத்தை உள்ளுக்குள் இற்றுப்போகச் செய்யும். அதனால் பழுது பார்ப்பவர் பலகையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். இங்கும் காதுதான்.

படகை அதிக நாள் தண்ணீருக்கு வெளியே வைக்கவும் முடியாது. காய்ந்த மரம் சுருங்கி, சந்துகள் வாய்திறந்துவிடும். திரும்ப இறக்கியதும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். பலகைகள் நீர் குடித்து உப்பி ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ளும்வரை, உள்ளே பம்பு ஓடிக்கொண்டிருக்கும்.