மனித உரிமைக் கல்வியில் இலக்கியச் சான்றுகள்: ஒரு மதிப்பீடு

மனித உரிமை குறித்துத் தமிழ்த்துறைகளில் எழுதப்பெறும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன. ஐக்கிய நாடுகள் அவை 1948-இல் வெளியிட்ட பிரகடனத்தின் உறுப்புகளுக்கு நேராகச் சங்கப் பாடலடிகளும் குறட்பாக்களும் அடுக்கப்பெறுகின்றன. இவை முன்பே நம்மிடம் இருந்தன என்னும் பெருமிதம் மாணவர்க்குக் கிட்டுகிறது. உரிமையை யாரிடம், எவ்வாறு கேட்டுப் பெறுவது என்னும் தெளிவு கிட்டுவதில்லை.

கடமைக்குச் சான்றாகப் பொன்முடியாரின் புறநானூற்றுப் பாடல் (312) எடுத்தாளப்படுகிறது. தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் ஆகிய ஐவர்க்கும் அது கடன் வகுக்கிறது. ஒருவர்க்கேனும் உரிமை கூறவில்லை. மூதின் முல்லைத் துறையில் அமைந்த அம் மறக்குடிப் பாடல் தன்னளவில் சிறந்ததே. எனினும் அதனைக் குடியரசின் குடிமைப் பாடமாக்குவது துறையையே மறந்த வாசிப்பாகும்.

உரிமையும் கடமையும் ஒரு நாணயத்தின் இரு பக்கங்கள் என்பர். அரசியலமைப்பு அவ்வாறு அமையவில்லை. அடிப்படை உரிமைகள் 1950 முதல் உள்ளன. மீறப்படின் 32-ஆம் உறுப்பின்வழி உச்ச நீதிமன்றத்தை நேரே அணுகலாம். அடிப்படைக் கடமைகளோ நெருக்கடி நிலையின்போது, 1976-இல், 42-ஆம் திருத்தத்தால் சேர்க்கப்பட்டவை. அவற்றைத் தவறியோர்க்கு அவ்வுறுப்பு தண்டனை எதனையும் விதிக்கவில்லை. கேரளத்தில் நாட்டுப்பண் இசைக்கப்படுகையில் எழுந்து நின்றும், தம் சமய நம்பிக்கையால் பாடாதிருந்த மூன்று பிள்ளைகள் பள்ளியினின்று நீக்கப்பட்டனர். 1986-இல் உச்ச நீதிமன்றம் அப்பிள்ளைகளின் பக்கமே நின்றது. கடமை ஆற்றியவர்க்கே உரிமை எனப் பயின்ற மாணவர்க்கு இத்தீர்ப்பு விளங்காது.

இவ்விடத்தில் தமிழாசிரியர்க்குத் துணையாவது சிலப்பதிகாரம். வழக்குரை காதையை நாம் பேச்சுப் போட்டிக்குரிய பகுதியாக்கிவிட்டோம். அதற்கு முற்பட்ட கொலைக்களக் காதையே வகுப்பில் நின்று பயிலத்தக்கது. தேவியின் ஊடல் தணிக்கச் செல்லும் மன்னன், பொற்கொல்லன் ஒருவன் சொல்லை மட்டும் கொண்டு, வினவாது ஆணையிடுகிறான். கோவலனைக் கண்ட காவலர், இவன் கொலைக்குரியவன் அல்லன் என ஐயுறுகின்றனர். பொற்கொல்லன் களவு நூல் கூறி அவ்வையத்தைக் கலைக்க முயல்கிறான். காவலர் தயங்கி நிற்கையில் கல்வியறிவற்ற களிமகன் ஒருவன் வாளை வீசுகிறான். குற்றச்சாட்டு, வாய்மொழி ஆணை, கீழ்நிலையோர் ஐயம், அவர்தம் செயலின்மை என அதிகாரம் தவறும் படிகள் அனைத்தும் இதில் உள்ளன.

டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கைதுக்கு வகுத்த நெறிகளை இதனோடு சேர்த்துப் பயிற்றலாம். கைதுக் குறிப்பு எழுதப்பட வேண்டும். அதில் சான்றொப்பம் வேண்டும். உற்றார்க்குச் செய்தி சொல்லப்பட வேண்டும். மூன்றாம் நெறியைப் படிக்கையில், ஆயர் சேரியில் ஏதுமறியாது காத்திருந்த கண்ணகியை மாணவர் தாமே நினைவுகூர்வர்.

ஆயின் காப்பியத்தை அவ்வளவில் நிறுத்துதல் நேர்மையன்று. வஞ்சின மாலையில் கண்ணகி சிலரை விலக்கித் தீயோரை மட்டும் பற்றுமாறு எரியை ஏவுகிறாள். மதுரையில் தீயோர் யாவர் என விசாரித்தவர் எவரும் இலர். கோவலனுக்கு மறுக்கப்பட்ட விசாரணை அந்நகரத்தார்க்கும் மறுக்கப்பட்டது. இவ்வினாவை நம் தேர்வுத் தாள்களில் யான் இன்னும் கண்டதில்லை.