பேர் இருக்கு... ஊர் எங்கே?

திருத்தங்கலில் ஒரு டீக்கடை. பேச்சு சினிமா பக்கம் திரும்பியதும், பக்கத்தில் இருந்த அச்சகத் தொழிலாளி சொன்னார்: ''விஜய் படத்துக்கு எங்க ஊர்ப் பேரை வச்சாங்க அண்ணாச்சி. உள்ள ஊரைத்தான் காணோம்!''

வாஸ்தவம். பேரரசுவின் 'சிவகாசி' 2005 தீபாவளிக்கு வந்தது. அதில் சிவகாசி என்பது ஹீரோவின் பெயர். சென்னையில் வெல்டிங் வேலை பார்ப்பவர். 'திருப்பாச்சி', 'தர்மபுரி', 'பழனி' என்று பேரரசுவுக்கு ஊர்ப் பெயர் ஒரு லேபிள். பட்டாசுப் பெட்டி மேல் நடிகை படம் ஒட்டுகிறார்களே, அந்த மாதிரி. கோபப்பட ஒன்றுமில்லை. தீபாவளிக்கு வெடி கேட்டோம், வெடித்தது.

அடுத்த வருஷமே விருதுநகர்க்காரர் வசந்தபாலனின் 'வெயில்'. தலைப்பில் ஊர் இல்லை, உள்ளே இருக்கிறது. திருட்டுத்தனமாக சினிமா பார்த்த பையனை அப்பா வெயிலில் கட்டிப்போடுகிறார். ஓடிப்போனவன் தியேட்டர் ஆபரேட்டராகி, அந்தத் தியேட்டரும் போன பிறகு வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். வாசலில் நிற்கிற பசுபதியின் முகத்தை மறந்துவிட முடியுமா உங்களால்? தம்பி பரத்தின் அடிதடி வழக்கமான சரக்குதான், போகட்டும். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது சும்மா வரவில்லை.

இந்தக் கரிசல் மண்ணில் விவசாயத்தைக் கெடுத்ததும் வெயில்தான். தீப்பெட்டியையும் பட்டாசையும் காயவைத்துச் சோறு போட்டதும் அதே வெயில்தான். அடிக்கிற அப்பாவும் அப்படித்தானே?

டீக்கடை நண்பர் 'சிவகாசி'யை நாலு தடவை பார்த்தாராம். 'வெயில்'?

''ஒரு தடவதான். மறுபடி பாக்க மனசுல தெம்பு இல்ல அண்ணாச்சி.''

இதைவிட நல்ல விமர்சனம் நான் எழுதியதில்லை.